ஒன்றாவது இருக்கிறதா?

ஒரு நூலகத்தின் தரவுத்தளத்தில் இரண்டு டேபிள்கள். ‘உறுப்பினர்’ ஒன்று; யார் எந்தப் புத்தகத்தை எடுத்துப்போனார் என்று சொல்லும் ‘இரவல்’ மற்றொன்று. ஒரு புத்தகமாவது எடுத்தவர்களின் பெயர் வேண்டும். எஸ்க்யூஎல் மொழியைப் புதிதாகக் கற்றவர் இரண்டையும் ‘ஜாயின்’ செய்வார். 40 புத்தகம் எடுத்தவரின் பெயர் 40 முறை வந்து நிற்கும். அதை மறைக்க ‘டிஸ்டிங்க்ட்’ சேர்ப்பார். இன்னும் சிலர் ஒவ்வொருவருக்கும் ‘கவுண்ட்’ போட்டு, பூஜ்யத்தைவிட அதிகமா என்று பார்ப்பார்கள். டப்பாவில் சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டால் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிற வேலை அது.

இந்தக் கேள்விக்கென்றே மொழியில் ‘எக்ஸிஸ்ட்ஸ்’ என்று ஒரு சொல் இருக்கிறது:

செலக்ட் பெயர் ஃப்ரம் உறுப்பினர்
வேர் எக்ஸிஸ்ட்ஸ் (செலக்ட் 1 ஃப்ரம் இரவல்
வேர் இரவல்.உறுப்பினர்_எண் = உறுப்பினர்.எண்)

அடைப்புக்குறிக்குள் இருப்பது சப்க்வெரி. பொருந்தும் பதிவு ஒன்று கிடைத்ததுமே அந்த உறுப்பினருக்குப் பதில் ‘ஆம்’. மீதிப் பதிவுகளைப் புரட்ட வேண்டியதில்லை. அந்த ‘1’க்கு எந்த மதிப்பும் இல்லை. எஸ்க்யூஎல் சர்வரில் அங்கே 1ஐப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால்கூடப் பிழை வராது, ஏனெனில் அதை யாரும் கணக்கிடுவதே இல்லை.

உண்மையான வில்லங்கம் எதிர்க்கேள்வியில். ஒரு புத்தகமும் எடுக்காதவர்கள் யார்? பலர் ‘நாட் இன்’ எழுதுகிறார்கள், அதாவது இரவல் டேபிளில் உள்ள எண்களின் பட்டியலில் இல்லாதவர்களைக் கேட்கிறார்கள். பைண்டிங்குக்குப் போன புத்தகமும் இரவல் டேபிளில் பதிவாகியிருக்கிறது, உறுப்பினர் எண் மட்டும் காலி, அதாவது ‘நல்’ என்று வைத்துக்கொள்வோம். இப்போது 3ஆம் எண் உறுப்பினர் 1, 2, நல் என்ற பட்டியலில் இல்லையா? நல் என்பது தெரியாத மதிப்பு. அது 3 ஆகவும் இருக்கலாம். ஆகவே பதில் ‘தெரியாது’. ‘தெரியாது’ என்றால் அந்தப் பெயர் வராது. ஒரே ஒரு நல் போதும், விடை முழுவதும் காலியாகிவிடும், ஒரு பிழைச்செய்திகூட இல்லாமல். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ இந்த வலையில் விழாது: நல் உள்ள பதிவு எவருக்கும் பொருந்தாமல் ஒதுங்கிவிடும். எதிர்க்கேள்விக்கு நான் இதைத்தான் எழுதச் சொல்வேன்.

வேகம் வேண்டுமானால் இரவல் டேபிளின் உறுப்பினர் எண்ணுக்கு இண்டெக்ஸ் போடுங்கள்.

இன்னொன்று: உள்ளே இருக்கும் அந்தக் கடைசி ‘வேர்’ வரியை மறந்தாலும் க்வெரி ஓடும். இரவல் டேபிளில் ஒரு பதிவு இருந்தாலே எல்லா உறுப்பினரும் ‘ஆம்’ ஆகிவிடுவார்கள். ‘டெலீட்’ கட்டளையில் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுவதாக இருந்தால், அதே நிபந்தனையை முதலில் ‘செலக்ட்’டில் ஓட்டி, யார் யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.