மூன்றோடு நிறுத்தாதீர்கள்



நம் டிரஸ்டின் மருத்துவ உதவி பெற்ற ஒரு சகோதரி மூன்று கீமோவோடு நிறுத்திக்கொண்டார். சினைப்பையில் புற்றுநோய். வயிற்று நீர் வற்றிவிட்டது, நன்றாகப் பசிக்கிறது, இனி எதற்கு என்று வீட்டார் நினைத்துவிட்டார்கள். உம்மாவின் தலையைப் பார்த்து மகளுக்கு வந்த சம்பந்தம் தட்டிப்போகுமோ என்ற கவலை வேறு. ஐந்தாம் மாதம் வயிறு மறுபடி வீங்கியது. முழுதாக முடித்திருந்தால் திரும்பியிருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் ஆறு முறை எதற்கு என்று அவர்களுக்கு விளக்காமல் பணத்தை மட்டும் கொடுத்தது நம் குறைதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சினைப்பை என்பது கருப்பையின் இரு பக்கமும் பாதாம் பருப்பு போல இருக்கும் சிறிய உறுப்பு. அங்கே வரும் புற்று ஆரம்பத்தில் பெரிதாக வலிக்காது. வயிறு உப்பும், நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், அடிக்கடி சிறுநீர் வரும். கேஸ் என்று ஓமத்தண்ணீர் குடித்தே மாதங்கள் போய்விடும். இவை இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால் ஒரு பெண் மருத்துவரிடம் காட்டி, வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய்க்குச் செய்யும் பரிசோதனையில் இந்த நோய் தெரியாது.

பெரும்பாலும் கொடுப்பது கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு மருந்துகள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஆறு முறை. நோய் வயிற்றில் பரவியிருந்தால் பலருக்கு மூன்று கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு மீதி மூன்று. வேகமாகப் பெருகும் செல்களை இந்த மருந்து கொல்கிறது. முடியின் வேரும் இரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவைதான்; அதனால் அவையும் அடி வாங்குகின்றன. அவை தேறிக்கொள்ளத்தான் இடைவெளி. ஒவ்வொரு முறையும் புற்றுச் செல்களில் ஒரு பங்குதான் சாகும். மிச்சமிருப்பது ஸ்கேனில்கூடத் தெரியாது. நீர் வற்றியது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். வேலை முடிந்தது என்பதற்கு அல்ல. முடி திரும்ப வளரும்.

பலனையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நோய் சினைப்பைக்குள்ளேயே இருக்கும்போது கண்டுபிடித்தால் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். வயிறு முழுக்கப் பரவிய பிறகு என்றால் மூன்று நான்கு பேர். முதல் கீமோ பெரும்பாலோருக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் தாமதமாகக் கண்டவர்களில் பலருக்குச் சில வருடங்களில் நோய் திரும்புகிறது. கடைசி கீமோ முடிந்து ஆறு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பினால் அதே வகை மருந்து மறுபடி கேட்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன்பே திரும்பினால் குறைவு. இதெல்லாம் கூட்டத்தின் கணக்கு. ஒருவருடைய ஹயாத்து அல்லாஹ்வின் கையில்.

கீமோ போட்டு ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறையும். அப்போது காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நோய் விசாரிப்பது சுன்னத்துதான். சளி, இருமல் உள்ளவர்கள் போனில் விசாரித்தால் போதும். ரமலானில் இந்தச் சிகிச்சை வந்தால், நோயாளிக்கான சலுகை சூரத்துல் பகராவின் 184, 185 வசனங்களில் இருக்கிறது. கழாவா, ஃபித்யாவா என்பதை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகள்கள் உள்ள வீடுகளில் பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் குறை இருந்தால் கீமோவுக்குப் பின் நோயை அடக்கிவைக்க மாத்திரைகள் உண்டு. மகன், மகள் ஒவ்வொருவருக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருப்பதால், அவர்களும் முன்கூட்டியே எச்சரிக்கையாக இருக்கலாம். இதை மறைப்பதால் பிள்ளைகளுக்கு நன்மை எதுவும் இல்லை.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு வருடம் ஐந்து லட்சம் வரை சிகிச்சை கிடைக்கிறது. பஸ், ரயில் செலவும் இரத்தப் பரிசோதனையும் ஆஸ்பத்திரி அருகே தங்குவதும்தான் குடும்பத்தை உடைக்கின்றன. தகுதியுள்ளவர்களுக்கு அவற்றை ஜகாத் நிதியிலிருந்து கொடுக்கிறோம். இனி மனுவோடு ஆறு கீமோ தேதிகளையும் எழுதித் தாருங்கள். ஒவ்வொரு தேதிக்கும் இரண்டு நாள் முன்பு நம் அலுவலகச் சகோதரி ஒருவர் உங்கள் வீட்டுப் பெண்களிடம் பேசுவார்.

அந்தச் சகோதரி இப்போது மறுபடியும் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறார். அவருக்காக துஆ செய்யுங்கள்.