இரைப்பைப் புற்றுநோயும் யந்திரக் கரங்களும்

இரைப்பையில் தோன்றும் புற்றுநோய் உலகின் பல நாடுகளிலும் காணப்படினும், ஜப்பானிலும் கொரியாவிலும் அதன் கொடுமை மிகுதி. ஆகவே அந்நோயை முன்கூட்டிக் கண்டறிவதிலும் நீக்குவதிலும் அந்நாட்டு வைத்தியர்கள் முன்னணியில் நிற்கின்றனர். இப்பொழுது அங்கே ரோபோ எனப்படும் யந்திரக் கரங்களின் துணைகொண்டும் ரண சிகிச்சை செய்யப்பட்டு வருகிறது. அம்முறை யாது, அதனால் விளையும் நன்மை எவ்வளவு, அதற்காகும் செலவு எத்தகையது என்பவற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம்.

ஆரம்ப நிலை என்பது யாது?

இரைப்பையின் சுவர் பல அடுக்குகளால் ஆனது. உட்புறத்தில் மெல்லிய சளிப்படலமும், அதனடியில் மற்றொரு படலமும், அதற்கப்பால் தசையும் அமைந்துள்ளன. முதலிரண்டு படலங்களைத் தாண்டாத புற்றையே ஆரம்பப் புற்று என 1962ஆம் ஆண்டில் ஜப்பானிய நிபுணர்கள் வரையறுத்தனர். இந்நிலையில் பெரும்பாலோர்க்கு வலி இராது. சிலருக்கு அஜீரணம் போன்ற சிறு தொல்லை மட்டுமே இருக்கும். நோயாளி தானே உணர்ந்து வருமளவும் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். இது கருதியே, 1950ஆம் ஆண்டில் இரைப்பையினுள் செலுத்திப் படம் பிடிக்கும் சிறு காமிராவை ஜப்பானியர் ஆக்கினர். 1983 முதல் 40 வயது கடந்தோர்க்கு இரைப்பைப் பரிசோதனை அந்நாட்டில் சட்டபூர்வமான பொதுநலத் திட்டமாயிற்று.

புற்று சளிப்படலத்தளவில் சிறியதாய் இருப்பின், வயிற்றைக் கீறாமலே, வாய்வழியே செலுத்தும் குழாயின் மூலம் அதனைப் பெயர்த்தெடுத்து விடலாம். சற்று ஆழமாக இறங்கியிருப்பின், அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களிலும் அது பரவியிருக்கக் கூடும். அப்பொழுது இரைப்பையின் ஒரு பகுதியையும் அக்கணுக்களையும் சேர்த்து அகற்றுதல் வேண்டும். யந்திரக் கரங்களுக்கு வேலை ஏற்படுவது இவ்விடத்திலேயாம்.

பெருங்கீறலிலிருந்து சிறு துவாரத்திற்கு

புற்றுற்ற இரைப்பைப் பகுதியை அகற்றும் சிகிச்சையை முதன்முதலில் வெற்றியுடன் செய்தவர் வியன்னா நகரத்து வைத்தியர் பில்ராத் ஆவர், ஆண்டு 1881. அதன்பின் நெடுங்காலம் வயிற்றை நீளக் கீறியே இச்சிகிச்சை நடைபெற்றது. 1991இல் ஜப்பானில் சிறு துவாரங்கள் வழியே காமிராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்யும் முறை தொடங்கிற்று. இது நோயை முற்றும் நீக்குமா என்ற ஐயத்தைக் கொரியாவில் 1,416 பேரிடம் நிகழ்ந்த ஆராய்ச்சி தீர்த்தது. ஐந்தாண்டுகளின் பின், துவார முறையில் 94.2 சதவீதத்தினரும், கீறல் முறையில் 93.3 சதவீதத்தினரும் உயிருடனிருந்தனர். ஆரம்ப நிலையில் கண்டுபிடித்தால் இந்நோய் வெல்லத்தக்கதே என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும் துவார முறையின் கருவிகள் நீண்ட நேரான கோல்கள், மணிக்கட்டுப்போல் வளையமாட்டா. கணையத்தை ஒட்டியும் ரத்தக் குழாய்களைச் சுற்றியும் உள்ள கணுக்களை அகற்றுகையில் இது பெருங்குறை. இக்குறையை நீக்க வந்ததே யந்திர முறை.

யந்திரம் வேலை செய்யும் விதம்

நோயாளியின் வயிற்றில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அளவான நான்கைந்து துவாரங்கள் இடப்படும். அவற்றின் வழியே காமிராவும், நுனியில் மணிக்கட்டுப்போல் எப்பக்கமும் திரும்பும் கருவிகளும் செல்லும். வைத்தியர் அதே அறையில் சற்றுத் தள்ளியுள்ள மேடையில் அமர்ந்து, பெரிதாக்கிக் காட்டப்படும் முப்பரிமாணக் காட்சியை நோக்கியவாறு கைப்பிடிகளை இயக்குவார். அவருடைய கையசைவு சிறிதாக்கப்பட்டுக் கருவியின் நுனியை அடையும்; கை நடுக்கமும் வடிகட்டப்படும். யந்திரம் தானாக எதையும் அறுப்பதில்லை. தறி எவ்வளவு நேர்த்தியானதாயினும் துணியின் தரம் நெசவாளியின் கையில் இருப்பதுபோல, இங்கும் திறமை வைத்தியருடையதே.

பலனும் செலவும்

கொரியாவில் 434 பேரிடம் நிகழ்ந்து 2016இல் வெளியான ஆராய்ச்சியில், சிகிச்சைக்குப்பின் நேரும் சிக்கல்கள் யந்திர முறையிலும் துவார முறையிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. நேரமோ 178 நிமிஷத்திற்குப் பதில் 221 நிமிஷம் ஆயிற்று. செலவும் 8,090 டாலருக்குப் பதில் 13,432 டாலர் ஆயிற்று. 2021இல் வெளியான ஜப்பானிய ஆராய்ச்சியில் 241 நோயாளிகள் இரு பிரிவாக்கப்பட்டனர். வயிற்றினுள் சீழ்பிடித்தல் போன்ற தொற்றுகளில் வேற்றுமை காணப்படவில்லை. எனினும், சிகிச்சை தேவைப்படுமளவிலான சிக்கல்கள் மொத்தத்தில் 19.7 சதவீதத்திற்குப் பதில் 8.8 சதவீதமாகக் குறைந்தன. ஆகவே, யந்திரமே எப்பொழுதும் சிறந்ததென்று இன்னும் அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. யந்திர வசதியில்லை என்பதற்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் பெருந்தவறாகும்.

இவ்வளவு செலவைத் தனியொரு குடும்பம் எங்ஙனம் தாங்கும்? ஜப்பானில் 1961 முதல் குடிமக்கள் அனைவரும் சந்தா செலுத்திப் பங்குபெறும் ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் நடைபெற்று வருகிறது. 2018 ஏப்ரல் முதல் யந்திர முறையிலான இரைப்பைச் சிகிச்சையும் அதில் சேர்க்கப்பட்டது. பலர் சிறுகச் சேர்த்தது, இடருற்ற ஒருவருக்குப் பெருகிவந்து உதவுகிறது. கூட்டுறவின் தத்துவத்தை அறிந்த நமக்கு இது புதியதன்று.

நாம் செய்யத்தக்கது

இரைப்பை குறைந்தபின் உணவைச் சிறுகச் சிறுகப் பலமுறை உண்ணவேண்டும். இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டோர்க்கு பி-12 வைட்டமின் வாழ்நாள் முழுதும் தேவை. புகையிலையை விலக்கலும், உப்பிலிட்ட பண்டங்களைக் குறைத்தலும், இரைப்பையில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் கிருமியை மருந்தால் ஒழித்தலும் நோயைத் தடுக்க உதவும்.

நீங்காத அஜீரணம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை, கருமையான மலம் ஆகிய குறிகள் தோன்றின், சூரணமும் சோடாவும் அருந்திக் காலம் போக்காது டாக்டரை அணுகிக் குழாய்ப் பரிசோதனை செய்துகொள்ளவேண்டும். எத்துணை நுட்பமான யந்திரமும் கண்டுபிடித்த நோயையே நீக்கவல்லது. காலத்தில் கண்டுபிடிக்கச் செல்லுதல் நம் பொறுப்பாகும்.