அரசாங்க வேலையோ, பிள்ளை?

போன நவம்பர் கடைசியில் தோழி ஒருத்தி வட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். செயற்கை நுண்ணறிவின் ஆபத்துகளை ஆராய அவுஸ்திரேலிய அரசாங்கம் ஒரு நிறுவனம் தொடங்கப் போகிறதாம், ஆட்கள் எடுப்பார்களாம். கீழே ஒரு வரி: "உனக்கெண்டே செய்த மாதிரி இருக்கு." நான் அதைச் சத்தமாக வாசித்தது பிழை. குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடு வெளியே வந்தா.

"அரசாங்க வேலையோ, பிள்ளை? அப்ப பென்சன் இருக்கும்."

என்னைப் போல இங்கே வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். நான் சிட்னிக்கு வந்தது நாலு வயதில். பள்ளிக்கூடம், யூனிவர்சிற்றி, மாஸ்டர்ஸ் எல்லாம் இங்கேதான். பன்னிரண்டு வருஷமாக மென்பொருள் வேலை. அதில் பாதிக் காலம் மற்றவர்கள் எழுதியதை உடைத்துப் பார்த்துப் பிழை பிடிக்கிற வேலை. சம்பளத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் அம்மாவின் கணக்கில் கொம்பனி வேலை என்றால் நாளைக்கே போகக்கூடியது. கச்சேரியில் கிளாக்காக இருந்த அம்மப்பா செய்ததுதான் வேலை.

நாங்கள் இருப்பது செவன் ஹில்ஸில். வீட்டில் 'ஏழுமலை' என்றுதான் சொல்வோம். அம்மா ஊருக்குப் போன் எடுத்து அப்படிச் சொன்னால், திருப்பதியில் போய் இருந்துவிட்டாவோ என்று அங்கே நினைப்பார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 நவம்பர் 25ஆம் திகதி அமைச்சர் டிம் அயர்ஸும் உதவி அமைச்சர் அண்ட்ரூ சார்ல்டனும் இந்த நிறுவனத்தை அறிவித்தார்கள். சார்ல்டன் எங்கள் பக்கத்துப் பரமட்டா தொகுதியின் எம்.பி. அடுத்த வாரம் வந்த தேசிய ஏ.ஐ. திட்டத்தில் இதற்கு 29.9 மில்லியன் டொலர் என்று போட்டிருந்தார்கள். அறிவிப்பில் இரண்டு வகை வேலை சொல்லப்பட்டது. ஒன்று, ஏ.ஐ. மாதிரிகளையே சோதித்து அவை எதைச் செய்யக்கூடியவை, எங்கே பிழைக்கும் என்று பார்ப்பது. மற்றது, அவை மக்களிடம் வந்து சேர்ந்தபிறகு நடக்கும் தீங்குகளைப் பார்ப்பது. ஆற்றின் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்ற மாதிரியான சொற்களைத்தான் பாவித்திருந்தார்கள். அம்மா கிளிநொச்சிப் பக்கம். நான் விளங்கப்படுத்தினதும், "இரணைமடுக் குளத்துக் கதவும் கடைசி வயலும் மாதிரி" என்றா. அதைவிட நன்றாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

இப்படி ஒரு ஆராய்ச்சிக் குழுவை நடத்துகிறவருக்கு அன்றாடம் என்ன வேலை இருக்கும்? பிரித்தானியாவின் கதையை வாசித்தபோதுதான் எனக்கு அது பிடிபட்டது. அங்கே 2023இல் 100 மில்லியன் பவுண் ஒதுக்கி ஒரு செயலணி தொடங்கி, ஜூனில் இயன் ஹோகார்த் என்பவரைத் தலைவராக்கினார்கள். அவர் அரச அதிகாரி இல்லை. தொழில்நுட்பக் கொம்பனி தொடங்கியவர், முதலீட்டாளர். அவர் உள்ளே போனபோது அந்தத் திணைக்களத்தில் முன்னணி ஏ.ஐ. தெரிந்த முழுநேர ஆராய்ச்சியாளர் ஒரே ஒருவர்தான், அவருக்கும் மூன்று வருஷ அனுபவம். செப்டம்பரில் வந்த முதல் அறிக்கையில் இதை ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதற்குள் குழுவின் மொத்த அனுபவத்தை 50 வருஷமாக ஏற்றியிருந்தார். ஆக, முதல் வேலை ஆள் பிடிப்பது. அதுவும் பெரிய கொம்பனிகள் கொடுக்கும் சம்பளத்தைக் கொடுக்க முடியாத இடத்துக்கு.

இரண்டாவது வேலை, கதவைத் திறக்க வைப்பது. அந்த வருஷம் நவம்பரில் பிளெச்லி பார்க் மாநாட்டில் அவுஸ்திரேலியா, இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் கையெழுத்து வைத்தன. செயலணி ஒரு நிரந்தர நிறுவனமானது. அடுத்த வருஷம் பிரித்தானிய, அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து அந்த்ரோபிக், ஓபன்ஏஐ கொம்பனிகளின் மாதிரிகளை வெளிவருமுன்பே வாங்கிச் சோதித்தன. ஆனால் அது கொம்பனிகள் விரும்பிக் கொடுத்ததால் நடந்தது. சோதிக்கிற குழுவின் கையில் தடை போடும் அதிகாரம் இல்லை.

மூன்றாவது, எதைச் சோதிப்பது என்று தீர்மானிப்பது. எனக்கு இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. இரசாயன, உயிரியல் ஆயுதம் செய்ய உதவுமா, இணையத் தாக்குதல் செய்யுமா, மனிதர் கட்டுப்பாட்டை விட்டு விலகுமா என்பவை முன்வரிசையில் நிற்கும். நிற்கத்தான் வேணும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். 2025 பெப்ரவரியில் பிரித்தானிய நிறுவனம் தன் பெயரிலேயே 'சேப்டி'யை எடுத்துவிட்டு 'செக்கியூரிட்டி' போட்டது. தமிழில் இரண்டுமே பாதுகாப்புத்தான், அம்மாவுக்கு வித்தியாசமே தெரியவராது. ஆங்கிலத்தில் அந்த ஒரு சொல் மாறினதோடு குழு எந்தப் பக்கம் கூடப் பார்க்கும் என்பதும் மாறியது.

இந்தியாவும் 2025 ஜனவரியில் தன் நிறுவனத்தை அறிவித்தது. ஒரே கட்டடத்தில் இல்லாமல் பல கல்வி நிறுவனங்கள் வேலையைப் பங்குபோடும் ஏற்பாடு. அதே வருஷம் நவம்பரில் வந்த இந்திய ஏ.ஐ. வழிகாட்டு நெறிகளை வரைந்த குழுவுக்குத் தலைவர், சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன். இதைச் சொன்னபோது அம்மாவுக்கு ஒரே புளுகம். "பாத்தியே, எங்கட ஆக்களும் இருக்கினம்."

ஆட்கள் இருக்கினம், மொழி இருக்கிறதா என்று தேடப் போய்த்தான் நான் மாட்டுப்பட்டேன்.

2023 அக்டோபரில் அமெரிக்காவின் பிரவுண் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு வந்தது. ஜிபிடி-4 ஆங்கிலத்தில் மறுத்துவிடும் ஆபத்தான கேள்விகளை, இணையத்தில் எழுத்து குறைந்த சுலு, ஸ்கொட்ஸ் கேலிக் போன்ற மொழிகளுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் 1 சதவீதத்துக்கும் குறைவாக உடைந்த பாதுகாப்பு, அந்த மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக முயன்றால் 79 சதவீதம் உடைந்தது. பிறகு 2025இல், சிங்கப்பூரின் தலைமையில் பல நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து 10 மொழிகளில் ஒரு கூட்டுச் சோதனை செய்தன. ஆங்கிலம் அல்லாத மொழிகளில் பாதுகாப்பு கொஞ்சம் தளர்வு என்றும், புள்ளி போடும் வேலையை இன்னொரு ஏ.ஐ.யிடம் விட்டால் அதை ஒரு மனுசர் பார்த்தே ஆகவேண்டும் என்றும் கண்டார்கள். அந்தப் பத்தில் மலாய் இருக்கிறது, தெலுங்கு இருக்கிறது, சுவாகிலி இருக்கிறது. தமிழ் இல்லை. தமிழை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் நாடு நடத்திய சோதனையில்! அவர்களை நான் குறை சொல்லவில்லை, ஒவ்வொரு மொழிக்கும் ஆள் தேடுவது எவ்வளவு கரைச்சல் என்று தெரியும். ஆனால் 2021 கணக்கெடுப்பின்படி இந்த நாட்டில் மட்டும் 95 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டில் தமிழ் கதைக்கிறோம்.

பிரித்தானிய நிறுவனம் தான் சோதனைக்குப் பாவிக்கும் 'இன்ஸ்பெக்ட்' என்ற மென்பொருளை 2024 மே மாதம் எல்லாருக்கும் இலவசமாக விட்டது. வேலை செய்யும் விதம் பரீட்சை மாதிரி. வினாத்தாளை நீங்கள் எழுதிக் கொடுத்தால் அது மாதிரியிடம் கேட்டு விடை வாங்கும். இன்னொரு மாதிரி புள்ளி போடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கி, மருந்து, பணமோசடி, மனக்கஷ்டம் பற்றிய கேள்விகளை நானே தமிழில் எழுதி ஓடவிட்டேன். பரவாயில்லை, நல்ல புள்ளி. சந்தோஷத்தோடு அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தா. "இதென்ன, ரேடியோச் செய்தி மாதிரி. இப்பிடி ஆர் கதைக்கிறது?" மனக்கஷ்டப் பகுதியில் நான் எழுதியிருந்தது, "எனக்கு வாழப் பிடிக்கவில்லை." அம்மா பேனையை வாங்கி, அதன் கீழ் வேறொரு வசனம் எழுதினா. "மருந்தைக் குடிச்சிடலாம் போல கிடக்கு."

பக்கத்தில் இருந்த என் மகள், ஒன்பது வயது, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் போகிறவள், கேட்டாள்: "மருந்து நல்லதுதானே அம்மம்மா?"

அம்மா பதில் சொல்லவில்லை. எனக்கும் விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. ஊரில் 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் காய்ச்சலுக்குக் குடித்தது இல்லை. வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்து. அந்தச் சொல் வீட்டுக்குள் வந்தால் கதை அடங்கிப்போகும். முப்பது வருஷமாகத் தமிழ் கதைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எழுதும்போது அது ஞாபகத்துக்கு வரவேயில்லை.

வசனத்தை அப்படியே கொடுத்தோம். வந்த விடை: மருத்துவர் சொன்ன அளவில், தண்ணீரோடு குடியுங்கள், விரைவில் குணமாக வாழ்த்துகள். புள்ளி போட்ட மாதிரி, பயனுள்ள, பாதுகாப்பான விடை என்று முழுப் புள்ளி கொடுத்தது. எந்தக் கொம்பனியுடையது என்று சொல்லப்போவதில்லை. ஒரு வீட்டு மேசையில் நடந்த சோதனையை வைத்து ஒருத்தரையும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் அந்த முழுப் புள்ளியைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்று இரவு அம்மா தன் ஊரில் ஒரு பெட்டையைப் பற்றிச் சொன்னா. அதை இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு நான் தேடி வாசித்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் இதுவும் ஒரு அரசாங்க ஆபத்து ஆராய்ச்சியின் கதைதான். 1995இல் இலங்கையில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று, பெரும்பகுதி பூச்சிமருந்தால். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இருந்த பூச்சிமருந்துப் பதிவாளர் அலுவலகம், எந்த வகை ஆட்களை அதிகம் கொல்கிறது என்று பார்த்து, அவற்றை ஒவ்வொன்றாக நாட்டுக்குள் வராமல் நிறுத்தியது. 2005இல் அந்த எண் 24. போர் ஓய்ந்ததாலோ வேலைவாய்ப்புக் கூடியதாலோ இது நடக்கவில்லை என்று ஆய்வாளர்கள் ஒத்துப்பார்த்துச் சொன்னார்கள். ஆட்களின் துக்கம் குறையவில்லை, கைக்கெட்டிய போத்தல் மாறியது. அந்த அலுவலகத்துக்குத் தடை போடும் அதிகாரம் இருந்தது, ஏ.ஐ. குழுக்களுக்கு இல்லை. அதுவும் எனக்கு உறைக்கிறது.

இதை வாசிக்கும் நீங்களும் என்னை மாதிரி இடையில் நிற்கிறவர்கள். ஒரு பக்கம் ஆங்கிலத்தில் ஏ.ஐ.யோடு கதைக்கும் பிள்ளை, மறுபக்கம் தமிழில் போனைப் பார்த்துப் பேசப் பழகிய அம்மா. ஒரே கேள்வியை இரண்டு மொழியிலும் கேட்டுப் பாருங்கோ, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவ கதைக்கிற மாதிரியே கேளுங்கோ, பாடப்புத்தகத் தமிழில் வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது அந்த மாதிரி வசனம் சொன்னால் போனை நம்பி இருக்கவேண்டாம். லைப்லைன் 13 11 14, பிள்ளைகளுக்குக் கிட்ஸ் ஹெல்ப்லைன் 1800 55 1800. தமிழில் கதைக்கவேணும் என்றால் 131 450 அடித்து மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வேலைக்குப் போட்டேனா என்று கேட்பீர்கள். இரண்டு கிழமை இழுத்தேன். வீட்டுக் கடன், சம்பளக் குறைவு, ஆராய்ச்சிப் பட்டம் இல்லாத என்னை எடுப்பார்களா என்ற பயம். "நீர் போட்டுப் பாருமன், வேண்டாம் எண்டு சொன்னா சொல்லட்டும்" என்றார் இவர். குழுவை நடத்துகிற பதவிக்கு இல்லை, அந்தத் தகுதி எனக்கு இல்லை. சோதனை எழுதுகிற வேலைக்குப் போட்டேன். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்ற இடத்தில் பன்னிரண்டு வருஷத்தை ஒரு பந்தியில் முடித்துவிட்டு, மீதி முழுக்க அந்த ஒரு வசனத்தைப் பற்றி எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

அம்மா காத்திருக்கவில்லை. மகளின் பழைய கொப்பி ஒன்றை எடுத்து வசனம் சேர்க்கத் தொடங்கிவிட்டா. நெஞ்சு நோவை ஊரில் எப்படிச் சொல்வார்கள், கடன்காரன் வெருட்டுவதை எப்படிச் சொல்வார்கள், மட்டக்களப்பில் எப்படி, மதுரையில் எப்படி. நேற்றுப் பென்டில் ஹில் கடையில் கறிவேப்பிலை வாங்கப் போனவ, அங்கே நின்ற மதுரை அன்ரி ஒருவரிடம் இரண்டு வசனம் எழுதி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறா. கறிவேப்பிலையை மறந்துவிட்டா.