வெளி டிஸ்க்கில் கேம்: வேகமும் ஏமாற்றும் பரிகாரமும்

512 ஜிபி லேப்டாப்பில் விண்டோஸும் கல்லூரி வேலைகளும் போக மிஞ்சும் இடத்தில் பெரிய கேம் இரண்டு ஏற்றினாலே இடம் தீர்ந்துவிடும். பால்டர்ஸ் கேட் 3 ஒன்றுக்கே 150 ஜிபி வேண்டும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கம் கேம் விளையாடும் மாணவர்கள் அடுத்துத் தேடுவது யுஎஸ்பி-யில் செருகும் வெளி டிஸ்க்கைத்தான். அதில் கேம் ஓடுமா? ஓடும். எந்த டிஸ்க், எந்தப் போர்ட் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

தட்டு சுழலும் சிறிய ஹார்டு டிஸ்க் நொடிக்கு 100 முதல் 130 எம்பி வரை படிக்கும். பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டில் செருகினால் அது 40-க்குக் கீழே இறங்கிவிடும். வெளி எஸ்எஸ்டி என்றால் 400 முதல் 1,000 வரை கிடைக்கும். லேப்டாப்புக்குள் பொருத்தும் என்விஎம்இ எஸ்எஸ்டிகளில் பல 3,500-ஐயும் தாண்டும். காட்சி எத்தனை ஃபிரேமில் ஓடும் என்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டின் வேலை. டிஸ்க் மெதுவாக இருந்தால் லோடிங் இழுக்கும், சுவரும் சாலையும் மங்கலாகத் தோன்றிப் பிறகு தெளியும், நடுவில் திக்கும். ஸ்டார்ஃபீல்டு, பால்டர்ஸ் கேட் 3 போன்றவை எஸ்எஸ்டி வேண்டும் என்றே கேட்கின்றன. பிளேஸ்டேஷன் 5-இன் கேம்களை யுஎஸ்பி டிஸ்க்கில் சேமித்து வைக்கலாம். அங்கிருந்து விளையாட முடியாது.

எனவே விளையாடுவதற்கு உள் எஸ்எஸ்டி, சேமித்து வைப்பதற்கு வெளி டிஸ்க் என்பதே என் பரிந்துரை. லேப்டாப்பில் எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிரித்தால் வாரண்டி போகுமா என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். வெளி டிஸ்க்கில் முக்கியமான கோப்புகளின் நகலும் இருக்கட்டும். முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் 2015-லும் 2023-லும் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு, கையில் எடுத்துக்கொண்டு மாடியேறக்கூடிய நகல் ஒன்று எவ்வளவு அவசியம் என்று சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க் பழுதானால் வாரண்டியில் வேறு டிஸ்க் கிடைக்கும். அதில் இருந்த கோப்புகள் கிடைக்காது.

பணம் பறிபோகும் இடம் வேறு. ஆயிரம், இரண்டாயிரம் ரூபாய்க்கு ‘16 டிபி எஸ்எஸ்டி’ என்று இணையத்தில் விற்கிறார்கள். நல்ல நிறுவனத்தின் 2 டிபி எஸ்எஸ்டியே அந்த விலைக்குக் கிடைக்காது. அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது 64 ஜிபி அளவிலான மெமரி கார்டுதான். அதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்தி, கணினியிடம் 16 டிபி என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகும் நகலெடுப்பது தடையின்றி நடப்பதுபோலவே தெரியும். ஆனால் புதிய கோப்பு பழையதை அழித்துக்கொண்டோ, எங்கும் பதியாமலோ போய்க்கொண்டிருக்கும். கேம் திறக்காத நாளில்தான் ஏமாந்தது தெரியவரும். அதற்குள் திருப்பி அனுப்பும் கெடு முடிந்திருக்கும். அதனால் டிஸ்க் வந்த அன்றே எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுத்து வையுங்கள்.

சட்டம் வாங்கியவர் பக்கம் நிற்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் பில் கேளுங்கள். பில் இல்லாமல் விலை குறையும் என்றால் வாங்காதீர்கள். இணையத்தில் வாங்கியிருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும்.

அப்படியும் நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். தாம்பரம், பல்லாவரம்வாசிகளுக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இணையவழியாகவும் மனு தாக்கல் செய்யலாம். சிக்கல் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.

இரண்டாயிரம் ரூபாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பில், விளம்பரப் படம், சோதனை முடிவு மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு இன்றே புகார் கொடுங்கள்.