அரசின் கணக்கும் நாளைய தலைமுறையும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. வெயில் இருந்தால் வேலை, மழை பெய்தால் வேலை இல்லை என்னும் நிலையில் வாழும் நம் ஏழாயிரம்பண்ணை வட்டார மக்களுக்கு இதன் பொருளை எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசு ஆலையிலும் பெறும் கூலியில் அரிசிக்கு இவ்வளவு, சீட்டுக்கு இவ்வளவு, ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு இவ்வளவு என்று நம் தாய்மார்கள் பிரித்து வைக்கிறார்கள் அல்லவா? அதுவும் ஒரு வரவு செலவுத் திட்டமே. ஒரு மாநிலம் முழுவதற்கும் இதை எவ்வாறு செய்கிறார்கள் என்பதை இங்கே காண்போம்.

அரசின் நிதியாண்டு ஏப்ரல் 1ஆம் நாள் தொடங்கி மார்ச் 31ஆம் நாள் முடிகிறது. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவு மதிப்பீட்டைச் சட்டமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பின் 202ஆம் பிரிவு கூறுகிறது. வரியாக வந்தாலும் கடனாக வந்தாலும் பணம் தொகுப்பு நிதியில் சேரும். சட்டமன்றத்தின் இசைவு இன்றி அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்க இயலாது. எனவே, ஒவ்வொரு துறையும் தனக்கு வேண்டியதை மானியக் கோரிக்கையாக வைக்க, உறுப்பினர்கள் விவாதித்து வாக்களிக்கிறார்கள். பணம் செலவான பின் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அதைச் சரிபார்த்து அறிக்கை தருகிறார்.

இந்தக் கணக்கில் இரு பகுதிகள் உண்டு. ஆசிரியர் ஊதியம், ஓய்வூதியம், கடனுக்கு வட்டி, மாணவர் உணவு போன்று ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வரும் செலவுகள் வருவாய்க் கணக்கில் சேரும். பாலம், அணை, மருத்துவமனைக் கட்டடம் போன்று நெடுங்காலம் பயன் தருபவை மூலதனக் கணக்கில் சேரும். தையல் இயந்திரம் வாங்கக் கடன் பெறும் குடும்பம், அந்த இயந்திரத்தின் உழைப்பாலேயே கடனை அடைத்துவிடலாம். அன்றாடச் சோற்றுக்குக் கடன் வாங்கும் குடும்பமோ அடுத்த மாதம் சோற்றுக்கும் வட்டிக்கும் சேர்த்துக் கடன் வாங்க நேரிடும். அரசுக்கும் இதே நியாயம்தான். அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாத நிலையையே வருவாய்ப் பற்றாக்குறை என்கிறோம்.

அப்படியானால் வரவைப் பெருக்கிக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அது அவ்வளவு எளிதன்று. முன்பெல்லாம் வெளிமாநிலத்துக்கு விற்கும் சரக்கின் மீதான மத்திய விற்பனை வரி, சரக்கை அனுப்பும் மாநிலத்துக்கே கிடைத்தது. 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சரக்கு எங்கே நுகரப்படுகிறதோ அந்த மாநிலத்துக்கே மாநிலப் பங்கு சேரும். நம் ஊர்ப் பட்டாசு மகாராஷ்டிரத்தில் விற்றால் அந்தப் பங்கு மகாராஷ்டிரத்துக்குப் போகும். மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை நிதிக்குழு பரிந்துரைக்கிறது. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பகிர்ந்தளிக்கத்தக்க 100 ரூபாயில் 41 ரூபாய் மாநிலங்களுக்கு என்று அது கூறியது. அந்த 41 ரூபாயில் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதம், அதாவது ஏறக்குறைய 1 ரூபாய் 67 காசு!

வரவுக்கு எல்லை இருக்கும்போது, ஒரு நல்ல திட்டத்தைத் தொடங்குவதைவிட அதை ஆண்டுதோறும் நடத்துவதே கடினம். இதற்கு நம் மாவட்டத்து மைந்தரே சான்று. விருதுநகரில் பிறந்து, சாத்தூர்த் தொகுதியிலிருந்து 1957லும் 1962லும் சட்டமன்றம் சென்ற பெருந்தலைவர் காமராசர், பசியால் பிள்ளைகள் பள்ளிக்கு வராமல் போவதைக் கண்டு 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அப்போது நிதியையும் கல்வியையும் சேர்த்தே கவனித்தவர் அமைச்சர் சி. சுப்பிரமணியம். அரசு தரும் பணம் போதாத இடங்களில் ஊர் மக்கள் தந்த பொருளும் சேர்ந்தே உலை கொதித்தது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2024இல் காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று, ஊரகப் பகுதிகளில் உள்ள அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது வந்தது. ஆட்சிகள் மாறியும் இந்த அடுப்பு அணையவில்லை. காரணம், ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் அதற்கு ஓர் இடம் ஒதுக்கப்பட்டதே.

அந்த இடம் என்றும் நிலைக்க வேண்டுமானால் நெடுநோக்கு வேண்டும். இதற்காகவே 2003இல் தமிழ்நாடு நிதிநிலைப் பொறுப்புடைமைச் சட்டம் இயற்றப்பட்டது. வருவாய்ப் பற்றாக்குறையை நீக்குவதும், கடன் வாங்குவதை வரம்புக்குள் வைப்பதும் அதன் நோக்கம். வரவிருக்கும் ஆண்டுகளின் வரவு செலவையும் மதிப்பிட்டுச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்றும் அது பணிக்கிறது. சட்டம் இருந்தும் 2013-14 முதல் ஆண்டுதோறும் வருவாய்ப் பற்றாக்குறை தொடர்ந்தது. 2021 ஆகஸ்ட் 9 அன்று அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, மாநிலத்தின் கடனைக் குடும்பங்களுக்குப் பங்கிட்டால் ஒரு குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் ஆகும் என்றது. பற்றாக்குறை அடுத்து வந்த ஆண்டுகளிலும் தீர்ந்துவிடவில்லை. இக்கடனுக்கு வட்டி கட்டப்போகிறவர் யார்? இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் மாணவியரே. வட்டிக்குப் போகும் பணம் அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கும் உணவுக்கும் வராது.

கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து, கட்டி முடிக்கத் தன்னிடம் பணம் உண்டா என்று கணக்குப் பார்க்க வேண்டும் என்பதை நம் ஆண்டவர் உவமையாகச் சொன்னதை லூக்கா நற்செய்தியில் படிக்கிறோம். அரசுக்கும் அந்த அறிவுரை பொருந்தும். ஏழைக்குச் சோறு போடுவதைக் குறைப்பது அதன் பொருள் ஆகாது. அந்தச் சோறு நாளையும் கிடைக்கும்படி இன்றே வழி செய்வதுதான் அதன் பொருள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. கடையில் பொருள் வாங்கும்போது ரசீது கேட்டுப் பெறுவோம். நாம் தரும் வரி அரசுக்குப் போய்ச் சேர அது உதவும். வரவு செலவுத் திட்டம் வெளிவரும் நாளில் புதிய சலுகைகளை மட்டும் படித்துவிட்டு நாளிதழை மூடாமல், 'இதற்குப் பணம் எங்கிருந்து வருகிறது? அடுத்த ஆண்டும் வருமா?' என்று கேட்கப் பழகுவோம். வீட்டுக் கணக்கை நேர்மையாக எழுதக் கற்ற பெண், நாட்டுக் கணக்கையும் தெளிவாகப் படிப்பாள். வாக்குரிமை பெறும் நாளில் அவளது தீர்ப்பும் தெளிவாக இருக்கும்.