வீனஸ் கடற்கரையில் அம்மாவுக்கும் லீவு!

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். வீட்டுக்காரருக்கும் நாலு நாள் ஓய்வு. ஆனால் நமக்கு? ஊருக்குப் போனாலும் ஸ்டவ்வையும் பருப்புப் பொடியையும் மூட்டை கட்டிக்கொண்டுதானே போகிறோம்! சமையல்கட்டுக்கே லீவு விட்ட ஒரு கடற்கரையின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். அதில் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு.

ருமேனியா நாட்டில், கருங்கடல் ஓரமாக மங்காலியா என்று ஒரு பழைய ஊர். அதை ஒட்டி 1960-களின் கடைசியிலும் 1970-களின் தொடக்கத்திலும் அன்றைய கம்யூனிஸ்ட் அரசு வரிசையாக விடுமுறை ஊர்களைக் கட்டியது. நெப்டியூன், ஜூபிடர், சாட்டர்ன், வீனஸ் என்று ரோமானியத் தெய்வங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். வீனஸில் இன்னொரு வேடிக்கை. அங்கே பல ஓட்டல்களுக்குப் பெண்களின் பெயர்கள்! டானா, சில்வியா, கிளாடியா, ராலுகா, கார்மென் என்று, ஏதோ அக்கா தங்கைகள் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பது போல!

ஆலையிலும் ஆபீஸிலும் வேலை செய்தவர்களுக்குத் தொழிற்சங்கம் மூலம் சலுகை விலையில் டிக்கெட் கிடைத்தது. ரயிலேறி வந்து இறங்கினால் பத்துப் பன்னிரண்டு நாள் தங்கலாம். அறை சின்னதுதான். ஆனால் சாப்பாடு கூப்பனைக் காட்டிச் சாப்பாட்டுக்கூடத்தில். அம்மா அடுப்பு மூட்ட வேண்டாம். பாத்திரம் தேய்க்க வேண்டாம். அம்மாடி, அதுவே பெரிய பாக்கியமில்லையா?

கருங்கடலில் உப்பு, பெருங்கடல்களில் இருப்பதில் பாதி அளவுதான். அலை ஏற்ற இறக்கமும் மிகக் குறைவு. வீனஸில் வெதுவெதுப்பான கந்தக நீரூற்றும் உண்டு. மூட்டுவலிக்காரர்கள் அதில் குளிக்க வருவார்கள். (கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் இப்படிப்பட்ட குளியலுக்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.)

இனி கசப்புக்கு வருவோம். கட்டடங்களுக்குப் பெண்களின் பெயரை வைத்த அதே அரசு, பெண்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. 1966-ல் செளசெஸ்கு ஆட்சி கருக்கலைப்பைத் தடை செய்தது. நாலு குழந்தை பெற்றவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பதும் அரிது. குழந்தையில்லாதவர்களுக்குத் தனி வரி! வேறு வழி தெரியாமல் திருட்டுத்தனமாகக் கருவைக் கலைத்துக்கொண்டு, 1989-க்குள் ஏறத்தாழ 10,000 பெண்கள் உயிரை விட்டதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பலரின் வீடுகளில் தாயில்லாக் குழந்தைகள். 1980-களில் வெளிநாட்டுக் கடனை அடைக்க உணவுப் பொருள்களை ஏற்றுமதி செய்ததால் ரொட்டிக்கும் எண்ணெய்க்கும் ரேஷன் வேறு. விடுமுறை முடிந்து வீடு திரும்பிய அம்மாவுக்குக் காத்திருந்தது நீண்ட க்யூதான்!

1989 டிசம்பரில் அந்த ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசு முதல் வேலைகளில் ஒன்றாக அந்தத் தடையை நீக்கியது.

வீனஸ் இன்றும் இருக்கிறது. சில ஓட்டல்களைப் புதுப்பித்திருக்கிறார்கள். சில பாழடைந்து நின்றன. கோடையில் குழந்தை குட்டிகளோடு குடும்பங்கள் வரும். செப்டம்பர் போனால் ஊரே அமைதி. மணலில் கடற்பறவைகள்தான் நடமாடும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். அம்மாவுக்கு ஓய்வு வேண்டும் என்று அவர்கள் நினைத்தது நல்ல நினைப்பு. அதை நம் வீட்டிலும் செய்து பார்க்கலாமே! இந்த லீவில் இரண்டு நாளாவது அடுப்படியை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் பன்னிரண்டு நாள் ஓய்வைக் கொடுத்துவிட்டு, எத்தனை குழந்தை, எப்போது என்பதை அவளைக் கேட்காமல் முடிவு செய்தால் அந்த ஓய்வுக்கு என்ன அர்த்தம்? அரசாங்கமானாலும் சரி, மாமியார் வீடானாலும் சரி, அவள் உடம்பைப் பற்றிய பேச்சில் முதல் வார்த்தை அவளுடையதாக இருக்கட்டும்.