வாசலில் நிற்பவரின் பட்டியல்

ஸ்காபரோ வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஃபயர்வாலுக்கு விதி எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிற வேலை. இனி வேண்டியதை வாயால் சொன்னால் போதும், செயற்கை நுண்ணறிவே விதிகளை எழுதி எல்லாக் கருவிகளிலும் ஏற்றிவிடும் என்று விற்பனைக்காரர் வந்து படம் காட்டிவிட்டுப் போகிறார். என் கதி என்ன ஐயா?”

ஃபயர்வால் என்பது வலையமைப்பின் வாசலில் நின்று எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கும் காவல். விற்பனைக்காரர் பொய் சொல்லவில்லை. எழுதும், ஏற்றும். ஆனால் விதி எழுதுவது இந்தத் தொழிலில் ஒருநாளும் சிரமமான வேலையாக இருந்ததில்லை. சிரமம், ஒரு விதியை மாற்றினால் என்ன நடக்கும் என்று அறிவதில் இருக்கிறது. அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

ரொறன்ரோவில் இருப்பவர்களுக்கு 2022 ஜூலை 8 மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை. விடியும் முன்பே தொலைத்தொடர்பு நிறுவனமான றோஜர்ஸின் வலையமைப்பு படுத்துவிட்டது. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குத் தொலைபேசியும் இணையமும் இல்லை. கனடா முழுவதும் டெபிட் கொடுப்பனவு முறையான இன்ரராக் நின்றதால் கடைகளில் டெபிட் அட்டை வெறும் பிளாஸ்ரிக் துண்டானது. சிலருக்கு 911 அழைப்பும் போகவில்லை. அன்றிரவு றோஜர்ஸ் சென்ரரில் பாடவிருந்த பாடகர் த வீக்கெண்ட் தன் நிகழ்ச்சியைத் தள்ளிவைத்தார். அரங்கத்தின் பெயரே அன்று அரங்கத்தைக் கவிழ்த்தது.

சைபர் தாக்குதல் என்று வதந்தி ஓடியது. நடந்தது வேறு. வலையமைப்பின் மையத்தைப் புதுப்பிக்கும் வேலை ஏழு கட்டங்களாகத் திட்டமிடப்பட்டு, ஆறாவது கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அதில், தகவலை வழிநடத்தும் ரவுட்டர் கருவிகளின் அமைப்பிலிருந்து ஒரு வடிகட்டியை நீக்கினார்கள். ‘இன்னின்ன தகவலை உள்ளே விடு, மற்றதை விடாதே’ என்று சொல்லும் பட்டியல் அது. பட்டியல் போனதும் இணையத்தின் வழித்தகவல் மொத்தமும் மைய ரவுட்டர்களுக்குள் கொட்டியது. தாங்கும் அளவைத் தாண்டியதும் அவை விழுந்தன. ரவுட்டர்களைத் தூரத்திலிருந்து பார்ப்பதற்கான வலையமைப்பும் அதே மையத்தின் மேல்தான் ஓடியது. ஆகவே பழுதைப் பார்க்கப் போகும் வழியும் பழுது. ஊழியர்கள் ஒருவரோடொருவர் கதைக்கவே போட்டி நிறுவனங்களின் சிம் அட்டைகளை அனுப்பவேண்டி வந்தது. காரணம் பிடிபடச் சுமார் 14 மணி நேரம் ஆயிற்று.

தொலைத்தொடர்பு ஆணையமான சிஆர்டிசிக்காக ஸோனா பார்ட்னர்ஸ் தயாரித்து 2024இல் வெளியான அறிக்கையில் என்னை உறுத்தியது ஒரு சிறு விவரம். அந்த வேலைக்கு முதலில் ‘ஆபத்து அதிகம்’ என்றுதான் மதிப்பிட்டிருந்தார்கள். முந்திய கட்டங்கள் ஒழுங்காக முடிய முடிய, ஆபத்தைக் கணக்கிடும் நிரல் தானாகவே அதை ‘குறைவு’ ஆக்கிவிட்டது. ஐந்து மழைக்கு ஒழுகவில்லை, ஆகவே ஆறாவது மழைக்குக் கூரை ஓடுகளைக் கழற்றலாம் என்பது போன்ற கணக்கு. இதுவும் தானியக்கம்தான்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: 1988 நவம்பரில் மொரிஸ் புழு என்ற தானே பரவும் நிரல் இணையத்தை நடுங்க வைத்தபின் நிறுவனங்கள் வாசலில் காவல் போடுவதில் அவசரம் காட்டின. 2004இல் அவிஷை வூல் என்ற ஆய்வாளர் 37 ஃபயர்வால்களைத் திறந்து பார்த்து, விதிகள் சிக்கலாகச் சிக்கலாகப் பிழைகள் கூடுவதைக் காட்டினார். போதும்.

ஃபயர்வாலின் விதிகளும் றோஜர்ஸின் வடிகட்டியைப் போன்ற ஒரு பட்டியல்தான். சுவாரசியம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோல் வாசலில் ஒரு தம்பியை நிறுத்தி, கையில் பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். முதல் வரி: மாமா வழிச் சொந்தம் எல்லாரையும் விடு. இரண்டாம் வரி: சீட்டுக்காசோடு காணாமல் போனவரை விடாதே. கடைசி வரி: மற்ற எவரையும் விடாதே. தம்பி மேலிருந்து கீழே வாசிப்பான். பொருந்துகிற முதல் வரியோடு நிறுத்திவிடுவான். சீட்டுக்காரர் மாமாவின் மச்சானாக இருந்தால்? முதல் வரியிலேயே உள்ளே போய்க் கேக் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டாம் வரி அங்கே இருக்கிறது. அவர் விஷயத்தில் அது இல்லாததற்குச் சமம். மேலேயுள்ள விதியின் நிழலில் மறைந்துபோன இத்தகைய விதிகள் ஃபயர்வால்களில் மலிந்து கிடக்கின்றன.

இப்போது அந்தப் பட்டியலுக்குப் பத்து வயதாகட்டும். மூவாயிரம் வரிகள். ‘படப்பிடிப்பாளரின் உதவியாள், இன்றைக்கு மட்டும்’ என்று எப்போதோ எழுதிய வரி இன்னும் இருக்கிறது. எழுதிய சித்தப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். எந்த வரியை வெட்டினால் யார் கோபிப்பார்கள் என்று தெரியாததால் எவரும் வெட்டுவதில்லை. புதிது மட்டும் சேர்க்கிறார்கள். இந்த நிலையில் விற்பனைக்காரர் கொண்டுவருவது இன்னும் வேகமாக எழுதும் ஒரு சித்தப்பாவை.

வேகத்தின் விலையை 2019 ஜூலை 2ஆம் திகதி, இணையத்தளங்களைப் பாதுகாக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் கொடுத்தது. அதன் வலைச் செயலி ஃபயர்வாலுக்கான ஒரே ஒரு விதி சில நொடிகளில் உலகெங்கும் உள்ள எல்லா இயந்திரங்களுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்தது. அந்த விதியில் எழுத்துக்கோவையைத் தேடும் பகுதி, முன்னும் பின்னும் போய்ப் போய்த் தேடியே அந்த இயந்திரங்களின் முழு வலுவையும் தின்றது. அவர்களின் சேவைக்குப் பின்னால் இருந்த தளங்கள் 27 நிமிடம் விழுந்து கிடந்தன. மனிதர் கையால் ஏற்றியிருந்தால் இரண்டாவது இயந்திரத்திலேயே கை நடுங்கியிருக்கும்.

அப்படியானால் எதைத் தானாக்குவது? சரிபார்ப்பை. பழைய பட்டியல் திருப்பி அனுப்பிய எவரையாவது புதிய பட்டியல் உள்ளே விடுமா? இதுதான் கேள்வி. ஒவ்வொருவராக நிறுத்திச் சோதிக்க முடியாது. ஒரு தரவுப் பொட்டலத்தின் தலைப்பில், ஃபயர்வால் வழக்கமாகப் பார்க்கும் ஐந்து விவரங்கள் மட்டும் 104 பிட்டுகள். சாத்தியங்கள், சுமாராக, 2க்குப் பின்னால் 31 பூச்சியங்கள். நொடிக்கு நூறு கோடி வீதம் சோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயதைப்போல 40,000 மடங்குக்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஆகவே தம்பியை வாசலில் விட்டுவிட்டு நாம் மேசையில் இருந்து, முகமே இல்லாத ஒரு விருந்தாளியைக் கற்பனை செய்கிறோம். மாமா வழியா? தெரியாது. ஊர்? தெரியாது. இவரைப் பழைய பட்டியல் தடுக்க வேண்டும், புதியது விடவேண்டும். பழையது தடுக்க வேண்டுமென்றால் இவர் மாமா வழியாக இருக்க முடியாது. ஒரு விவரம் விழுந்துவிட்டது. அது விழுந்ததும் இன்னும் மூன்று விவரங்கள் தாமாகவே தீர்மானமாகின்றன. எங்கேயாவது முரண்பட்டால், அந்த முரண்பாட்டுக்குக் காரணமான கூட்டை மட்டும் குறித்துக்கொண்டு பின்னுக்குப் போகிறோம். அந்தக் கூட்டு வரும் கோடிக்கணக்கான விருந்தாளிகளை இனிமேல் நினைத்துப் பார்க்கவே தேவையில்லை. முடிவில் ஒன்று, மெல்ல மெல்ல ஒரு முகம் தெளிந்து வரும்: ‘இதோ, இந்த ஆள் நுழைந்துவிடுவார்.’ அல்லது எந்த முகமும் வராது. அப்படியானால் அத்தகைய ஆள் எவரும் இல்லை என்பது நிரூபணம். சோதனை அல்ல, நிரூபணம். ஒரு பொட்டலம்கூட அனுப்பாமல் எல்லாப் பொட்டலங்களையும் பற்றிய தீர்ப்பு! எனக்கு இது இன்றும் வித்தையாகத்தான் படுகிறது. உவமையை இங்கே நிறுத்துகிறேன், விட்டால் பந்தி வரைக்கும் இழுத்துப் போவேன்.

இந்த வகைக் கேள்வி எவ்வளவு கடினம் என்பதை உலகுக்குச் சொன்னதே ரொறன்ரோதான். 1971இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் குக், விடையைச் சுலபமாகச் சரிபார்க்கக்கூடிய பெரும் புதிர்க் கூட்டம் முழுவதையும் இந்த ‘ஆம்-இல்லை நிபந்தனைகள் எல்லாம் ஒன்றாகப் பொருந்துமா’ என்ற ஒற்றைக் கேள்வியாக மாற்றலாம் என்று நிறுவினார். 1982இல் அவருக்குக் கணினியியலின் டியூரிங் விருது கிடைத்தது. மிக மோசமான புதிருக்கு விரைவான வழியொன்றை இன்றுவரை எவரும் கண்டதில்லை. நல்லகாலம், மனிதர் எழுதும் ஃபயர்வால் விதிகள் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானவை அல்ல. மைக்ரோசொஃப்ட் தன் தரவு மையங்களின் விதிகளை இப்படிச் சரிபார்க்கவென்றே செக்குரு என்ற கருவியைச் செய்தது.

ஆனால் கருவி கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். ‘இந்த வடிகட்டியை நீக்கினால் முன்பு வராத எதுவாவது மையத்துக்குள் வருமா?’ என்று றோஜர்ஸில் அன்று கேட்டிருந்தால், ‘ஆம், இதோ ஒன்று’ என்று பதில் வந்திருக்கும். அந்தக் கேள்வி ஆபத்தைக் கணக்கிட்ட நிரலுக்குத் தோன்றவில்லை. தோன்றவேண்டிய இடம் அது அல்ல, மனிதரின் தலை.

வாசகரே, அந்தக் கேள்வியைக் கேட்பதுதான் உங்கள் வேலை. அது போகாது. தட்டச்சுப் பகுதி போகும், போகட்டும். விற்பனைக்காரர் மறுபடி வந்தால் படத்தை நிறுத்தச் சொல்லி இரண்டு விஷயம் கேளுங்கள்: ஏற்றுவதற்கு முன் பழைய விதிகளுக்கும் புதியவற்றுக்கும் உள்ள வித்தியாசத்தை நிரூபித்துக் காட்டுமா? முதலில் ஒரே ஒரு கருவியில் ஏற்றிவிட்டுக் காத்திருக்குமா? அதுவரைக்கும், வருகிற திங்கட்கிழமை உங்கள் பட்டியலைத் திறந்து, எவருக்கும் எதற்கென்று தெரியாத வரிகள் எத்தனை என்று எண்ணி எனக்கு எழுதுங்கள்.